ஆயில் ரிப்போர்ட்டில் வெள்ளிக்கு என்ன வேலை?

காரில் ஓடி முடித்த பழைய எஞ்சின் ஆயிலை ஒரு சின்ன பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்பினால், கொஞ்ச நாளில் ஒரு பக்கத்துக்கு ரிப்போர்ட் வரும். இரும்பு இத்தனை, செம்பு இத்தனை, அலுமினியம் இத்தனை, சிலிக்கான் இத்தனைன்னு இருபது வரிசை எண்கள். எல்லாம் பி.பி.எம். கணக்கு, அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு. அமெரிக்காவில் கார் பைத்தியங்கள் நடுவே இது பெரிய பொழுதுபோக்கு. நம்ம ஊரில் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு ஜோசியரைப் பார்ப்பார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி அலைவார்கள்.

அந்த ரிப்போர்ட்டில் ஒரு வரிசை மட்டும் எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. வெள்ளி. ஆமாங்க, கொலுசு செய்வார்களே, அதே வெள்ளிதான். பெரும்பாலும் 0 என்றுதான் இருக்கும். டொயோட்டா எஞ்சினில் எதுக்கு வெள்ளி? இல்லாத ஒன்றை எதுக்கு ஒவ்வொரு தடவையும் அளக்கறாங்க? இதைத் தேடிப் போனதில்தான் ஒரு பெரிய கதை கிடைத்தது. புதுக் கார் வைத்திருப்பவர்கள் இந்த ரிப்போர்ட்டை ஏன் தப்பாகப் படிக்கிறார்கள் என்பதும் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கு.

கதை தொடங்குவது காரில் இல்லை, ரயிலில்.

டென்வர் அண்ட் ரியோ கிராண்டே வெஸ்டர்ன் என்று ஒரு அமெரிக்க ரயில் கம்பெனி இருந்தது. ராக்கி மலைகளில் ஏறி இறங்கும் பாதை. 1928ல் திறந்த மொஃபட் சுரங்கம் கடல் மட்டத்திலிருந்து 9,200 அடி உயரத்தில், சுமார் 10 கிலோமீட்டர் நீளம். இந்த மாதிரி ஏற்றத்தில் சரக்கு ரயிலை இழுக்கிற எஞ்சின் நடுவழியில் உட்கார்ந்துவிட்டால், ஒரு ரயிலோடு போகாது. பாதையே அடைபட்டுப் போகும்.

நீராவி எஞ்சின் காலத்தில் எண்ணெய் விஷயம் எளிது. பெரும்பாலும் விட்ட எண்ணெய் விட்டதுதான், திரும்பி வராது. டீசல் வந்ததும் கணக்கு மாறியது. 1940களில் அந்த ஊர் ரயில்களில் பரவிய டீசல் எஞ்சின்களில் பிரபலமானது ஜெனரல் மோட்டார்ஸின் 567 வகை (ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 567 கன அங்குலம், பெயர் வைக்க அவ்வளவு கூட யோசிக்கலை :-)). அதன் வயிற்றுக்குள்ளே ஒரே ஆயில் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்த பாகம் தேய்ந்தாலும் அந்தத் தேய்மானத் துகள் ஆயிலில்தான் வந்து சேரணும். அதாவது எஞ்சினைத் திறக்காமலேயே உள்ளே என்ன நடக்குதுன்னு சொல்ல ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. அந்தச் சாட்சியைப் பேச வைப்பதுதான் பாக்கி.

பேச வைக்கிற வித்தை ஏற்கெனவே இருந்தது. 1859ல் ஜெர்மனியில் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் புன்சனும் கிர்க்காஃபும் கண்டுபிடித்த சமாச்சாரம்தான். ஒவ்வொரு தனிமத்தையும் சூடேற்றினால் அதற்கே உரிய வண்ணக் கோடுகளில் ஒளி விடும். உப்பு பட்டதும் அடுப்புத் தீ மஞ்சளாக எரியுமே, அது சோடியம். ஆயிலில் இதையே செய்ய ஒரு கார்பன் சக்கரத்தைப் பாதி ஆயிலில் முக்கிச் சுழற்ற வேண்டும். சக்கரத்துக்கு மேலே ஒரு கார்பன் குச்சி. இரண்டுக்கும் நடுவில் உயர் அழுத்த மின்பொறி. சக்கரம் சுமந்து வருகிற ஆயில் அந்தப் பொறியில் எரியும். வருகிற ஒளியைப் பிரித்தால் இரும்புக்கு ஒரு கோடு, செம்புக்கு ஒரு கோடு. ஆரம்பத்தில் அந்தக் கோடுகளைப் போட்டோ பிளேட்டில் பதித்து, எவ்வளவு கறுத்திருக்கிறது என்று அளந்தார்கள். பிறகு ஒளியை நேராக மின்சாரமாக மாற்றிப் படிக்கும் குழாய்கள் வந்து, ஒரு மாதிரி ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தது.

ரியோ கிராண்டே கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம் 1946ல் இந்தக் கருவியை வைத்து டீசல் எஞ்சின் கோளாறுகளைப் பழைய ஆயிலிலிருந்தே முன்கூட்டிச் சொல்ல ஆரம்பித்தது. ஆயில் பரிசோதனை வழக்கமான பராமரிப்பு வேலையாக ஆனதற்கு எல்லோரும் காட்டும் தொடக்கப் புள்ளி இதுதான். நம்ம இந்திய ரயில்வே டீசல் ஷெட்களிலும் பிற்காலத்தில் இதே பரிசோதனைக்கு 'ஸ்பெக்ட்ரோ லேப்' வந்தது. டீசல் ஷெட் இருக்கும் ஊர்க்காரர்கள், வீட்டில் ரயில்வேயிலிருந்து ரிட்டயர் ஆன பெரியப்பா யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்க.

இப்போ வெள்ளிக்கு வரலாம். அந்த 567 எஞ்சினில் பிஸ்டனைத் தாங்கும் பின்னுக்கு வைத்திருந்த பேரிங்கில் வெள்ளிப் பூச்சு உண்டு. கடுமையான பாரத்தில் வெள்ளி நன்றாகத் தாங்கும். ஆனால் சாதாரண எஞ்சின் ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கக் கலக்கிற துத்தநாகச் சேர்மம் வெள்ளியை அரிக்கும். அதனாலேயே ரயில் எஞ்சினுக்குத் துத்தநாகம் இல்லாத தனி ஆயில். யாராவது தப்பான ஆயிலை ஊற்றிவிட்டால்? ரிப்போர்ட்டில் துத்தநாகம் ஏறும், பின்னாடியே வெள்ளி ஏறும். அந்த வரிசையில் ஓரிரண்டு எண் ஏறினாலே ஷெட்டில் கவலைப்பட ஆரம்பிப்பார்கள். இன்றைக்கு உங்க காரின் ரிப்போர்ட்டில் 0 என்று உட்கார்ந்திருப்பது அந்தப் பரம்பரையின் மிச்சம்.

குரோமியமும் இப்படித்தான். அந்தக் கால ரயில் எஞ்சின்களில் துருப்பிடிக்காமல் இருக்கக் குளிர்நீரில் குரோமேட் கலப்பார்கள். ஆகவே ஆயிலில் குரோமியம் என்றால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கோ தண்ணீர் கசிந்து ஆயிலில் கலக்கிறது. இன்றைய கார் கூலன்ட்டில் குரோமேட் கிடையாது. அதே எண், அதே வரிசை, அர்த்தம் மட்டும் பாதியாகிவிட்டது.

சரி, ரயிலிலிருந்து இது வானத்துக்குப் போனது. 1950களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை விமான எஞ்சின்களுக்கு இதே முறையை எடுத்துக்கொண்டது. ஃபுளோரிடாவின் பென்சகோலாதான் இதற்குத் தலைமையிடம். பின்னால் தரைப்படை, விமானப்படை எல்லாம் இதில் இறங்கின. 1970களில் மூன்றும் ஒரே கூட்டுத் திட்டத்துக்குள் வந்தன. ரயில் எஞ்சின் நின்றால் ரயில் நிற்கும். கடலுக்கு மேலே ஒற்றை எஞ்சின் விமானத்தில் எஞ்சின் நின்றால் என்னன்னு சொல்ல வேண்டியதில்லை. ஹெலிகாப்டர் கியர்பாக்ஸும் அப்படியே. ஒரு ஆய்வக ஊழியர் பார்க்கிற இரும்பு எண்ணை நம்பி ஒரு பைலட் மேலே போகணும்.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. படைக்காரர்கள் 'இரும்பு இத்தனைக்கு மேல் போனால் ஆபத்து' என்று எல்லா எஞ்சினுக்கும் பொதுவாக ஒரு எண் வைக்கவே இல்லை. ஒவ்வொரு எஞ்சின் மாடலுக்கும் தனி அட்டவணை. ஒரே மாடலில் நூற்றுக்கணக்கில் எஞ்சின்கள் ஓடுகின்றன. எல்லாவற்றிலிருந்தும் குறிப்பிட்ட மணி நேரத்துக்கு ஒருமுறை மாதிரி வருகிறது. எண்ணைவிட, பத்து மணி நேர ஓட்டத்துக்கு எவ்வளவு ஏறியது என்கிற போக்குக்குத்தான் மரியாதை. சந்தேகப்பட்டு ஒரு எஞ்சினைக் கழற்றினால், உள்ளே நிஜமாக என்ன இருந்தது என்ற விவரம் திரும்ப லேபுக்குப் போகும். சொன்னது சரியா தப்பா என்று தெரிந்து, அட்டவணையைத் திருத்துவார்கள். சாஃப்ட்வேர் ஆட்களுக்குப் புரியும்படி சொன்னால், டெஸ்ட் டேட்டா, பேஸ்லைன், ஃபீட்பேக் எல்லாம் பக்காவாக இருந்த சிஸ்டம்.

பிறகு கேட்டர்பில்லர் மாதிரி கம்பெனிகள் 1970களின் தொடக்கத்திலேயே புல்டோசர், லாரி முதலாளிகளுக்கு இதைச் சேவையாகக் கொடுத்தன. அங்கேயும் ஒரே மாதிரி வண்டிகள் கூட்டமாக ஓடும். கடைசியாகத்தான் தனி மனிதனின் கார் வந்தது. இந்தியானா மாநிலத்து ஃபோர்ட் வெய்னில் 1985ல் தொடங்கிய பிளாக்ஸ்டோன் போன்ற லேப்கள் யார் வேண்டுமானாலும் பாட்டில் அனுப்பலாம் என்று கதவைத் திறந்துவிட்டன. அவர்களும் அதே வகை எஞ்சின்களின் சராசரியைப் பக்கத்திலேயே போட்டுத் தருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பாட்டில் அனுப்புகிறவர் கையில் இருப்பது என்ன? ஒரே ஒரு எஞ்சின். ஒரே ஒரு மாதிரி. அதுவும் புதுசாக வாங்கியதும் ஆர்வக்கோளாறில் அனுப்பிய முதல் மாதிரி.

என் ஆபீஸ் நண்பன் ஒருவன் அப்படித்தான் அனுப்பினான். புத்தம் புது கார், 2,000 மைல்கூட ஓடவில்லை. கம்பெனி ஊற்றிய முதல் ஆயிலை இறக்கி அனுப்பினான். ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு ஓடி வந்தான்.

"மச்சி, எஞ்சினுக்குள்ள மண்ணு போகுதுடா! சிலிக்கான் 120! டீலர்கிட்ட சண்டை போட்டு எஞ்சினைப் பிரிக்கச் சொல்லப் போறேன்."

இரும்பும் செம்பும்கூட சராசரியைவிட ரொம்ப மேலே இருந்தன. அவன் பயந்ததில் நியாயம் இருக்கு. சிலிக்கான் என்றால் மணல், மணல் என்றால் ஏர் ஃபில்டரில் ஓட்டை, அதுதான் ரயில் காலத்திலிருந்து வரும் பாடம். பழைய எஞ்சினுக்கு இன்றும் சரி. ஆனால் புது எஞ்சினில் சிலிக்கானுக்கு இன்னொரு வாசல் உண்டு. இப்போதெல்லாம் எஞ்சின் மூடிகளை ஒட்ட சிலிகோன் பசையை நிறைய பயன்படுத்துகிறார்கள். புதுசில் அந்தப் பசையிலிருந்து சிலிக்கான் ஆயிலில் இறங்கிக்கொண்டே இருக்கும், ஆயில் மாற்ற மாற்றக் குறையும். அதனால் தேய்மானம் எதுவும் இல்லை. கருவிக்கோ மணலில் இருக்கிற சிலிக்கானும் பசையில் இருக்கிற சிலிக்கானும் ஒரே கோடுதான்! மண்ணா பசையா என்று பிரிக்க, கூட யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மண் வந்தால் அலுமினியத்தையும் கூட்டி வரும், ரிங்கையும் சுவரையும் அறுத்து இரும்பையும் குரோமியத்தையும் ஏற்றும், முக்கியமாக அடுத்த மாதிரியிலும் குறையாது.

இரும்பு 45 என்று இருந்தது. 5 லிட்டர் ஆயில் சுமார் 4.3 கிலோ. அதில் பத்து லட்சத்தில் 45 பங்கு என்றால் 0.2 கிராம்கூட இல்லை. ஒரு 500 மில்லிகிராம் பாரசிட்டமால் மாத்திரையில் பாதியை விடக் குறைவு. புது எஞ்சினில் சிலிண்டர் சுவரும் ரிங்கும் ஒன்றோடொன்று உரசிப் பழகுகிற ஆரம்ப நாட்களில் இது சகஜம். செம்பு? ஆயில் கூலரில் செம்பு இருந்தால் புதுசில் அதன் உட்பரப்பு ஆயிலோடு வினை புரிந்து செம்பை விடும். சில டீசல் லாரிகளில் நூற்றுக்கணக்கில்கூட ஏறும். ஒரு படலம் படிந்ததும் நின்றுவிடும். டர்போ வண்டிகளில் பொட்டாசியம் ஏறினால் கூலன்ட் கசிவு என்று பதறுவார்கள். அழுத்தக் காற்றைக் குளிர்விக்கும் அலுமினியக் கூலரைப் பற்றவைத்தபோது தங்கிய ஃபிளக்ஸாகவும் இருக்கலாம், அதில் பொட்டாசியம்தான் இருக்கு. ஆக, புது எஞ்சின்தான் ரிப்போர்ட்டில் மிக மோசமாகத் தெரியும் எஞ்சின். பச்சைக் குழந்தையின் நாடித் துடிப்பைப் பெரியவர்கள் அட்டவணையில் வைத்துப் பார்த்தால் எப்படி இருக்கும்?

இதைவிட சுவாரசியமானது ஈயத்தின் கதை.

எஞ்சின் பேரிங்குகளில் பல காலம் ஈயம் முக்கியமான உலோகம். செம்பும் ஈயமும் கலந்த உலோகம், மேலே ஒரு மெல்லிய ஈயப் பூச்சு. பேரிங் தேய ஆரம்பித்தால் முதலில் ஏறுவது ஈயம். டீசல் ரயில்காரனுக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை மணி கிடையாது. ஆனால் அதே காலத்துப் பெட்ரோல் காருக்கு இது சுத்தமாக உதவாது! ஏன்னா பெட்ரோலிலேயே ஈயம் கலந்திருந்தார்கள். எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கசிந்து ஆயிலில் ஈயத்தைக் கொட்டும். அந்த வெள்ளத்தில் பேரிங்கிலிருந்து வரும் நாலு துளியை எங்கே தேடுவது? (பிஸ்டன் எஞ்சின் வைத்த சின்ன விமானங்களுக்கு இன்றும் ஈயம் கலந்த பெட்ரோல் இருக்கு. அவற்றின் ஆயில் ரிப்போர்ட்டில் ஈயம் ஆயிரக்கணக்கில் இருப்பது சாதாரணம்.) பிறகு கார் பெட்ரோலிலிருந்து ஈயம் போனது. அமெரிக்காவில் 1996ல் சாலை வாகனங்களுக்கு முழுத் தடை, இந்தியாவில் 2000ல். அப்பாடா, இனி ஈய வரிசை உண்மை பேசும் என்று நிமிர்ந்தால், அதே 2000ல் ஐரோப்பிய யூனியன் பழைய வண்டிகளை அழிப்பது பற்றி ஒரு சட்டம் போட்டது. வாகனங்களில் ஈயம், பாதரசம் எல்லாம் கூடாது. எஞ்சின் பேரிங்குக்குக் கொடுத்திருந்த விலக்கும் 2011 ஜூலையில் முடிந்தது. கம்பெனிகள் அலுமினியம்-வெள்ளீயம், பிஸ்மத் என்று மாறிக்கொண்டன.

பெட்ரோல் காரைப் பொறுத்தவரை, ஈய வரிசை ஒழுங்காகப் பேசியது நடுவில் ஒரு பத்து, பதினைந்து வருஷம்தான். என் நண்பனின் ரிப்போர்ட்டில் ஈயம் 0. "பேரிங் சூப்பர்டா, ஈயமே இல்லை" என்று அதில் மட்டும் சந்தோஷப்பட்டான் பாவம். இல்லாத ஈயம் எப்படித் தேயும்? ஈயம் இல்லாத பேரிங் தேய்ந்தால் அலுமினியமும் வெள்ளீயமும்தான் ஏறும். பிஸ்டன் தேய்ந்தாலும் அலுமினியம்தான். அதாவது முன்பு ஒரு வரிசையைப் பார்த்துச் சொன்னதை இப்போது இரண்டு மூன்றைச் சேர்த்து வைத்து ஊகிக்க வேண்டியிருக்கு. காரில் இருக்கும் உலோகம் மாறிவிட்டது, காகிதத்தில் இருக்கும் கட்டம் மாறவில்லை.

இன்னொரு பெரிய ஓட்டை இருக்கு. இது கருவியிலேயே உள்ள ஓட்டை. மின்பொறியில் சுமார் 8 அல்லது 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள் முழுசாக எரியாது. இப்போது பல லேப்கள் வைத்திருக்கும் பிளாஸ்மா கருவியில் அந்த எல்லை இன்னும் சின்னது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஆக, கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிய உலோகத் துண்டு எதுவும் இந்த ரிப்போர்ட்டில் வராது. மெதுவான தேய்மானம் பொடி பொடியாக விழும். அதைக் கருவி அழகாகப் பிடிக்கும். பேரிங் பிய்ந்து செதில் செதிலாக உதிர்ந்தால் அந்தச் செதில் ஃபில்டரில் போய்ச் சிக்கும், லேபுக்குப் போகும் பாட்டிலில் வராது. நம்ம பாஷையில், சின்னச் சின்ன வார்னிங் எல்லாம் லாக் ஆகும், ஃபேட்டல் எரர் மட்டும் லாக் ஆகாது. அதுவும் ஆயில் மாற்றும்போதெல்லாம் லாக் ஃபைல் கிட்டத்தட்ட காலி.

படைக்காரர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. அதனால்தான் விமான எஞ்சின்களில் ஆயில் பாதையில் காந்த முனை வைத்துச் செதில்களைப் பிடித்தார்கள். 1970களின் தொடக்கத்தில் வெர்னான் வெஸ்ட்காட் என்ற அமெரிக்கர் ஃபெர்ரோகிராஃபி என்ற முறையைக் கொண்டுவந்தார். சாய்த்து வைத்த கண்ணாடித் துண்டில் ஆயிலை ஓடவிட்டு, கீழே காந்தத்தை வைத்தால், இரும்புத் துகள்கள் அளவு வாரியாக வரிசையாகப் படியும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு கதை சொல்லும். லேத் பட்டறையில் விழும் சுருள் மாதிரி இருந்தால் ஏதோ அறுக்கிறது. தட்டையான செதில் என்றால் பேரிங்கோ கியரோ களைத்து உதிர்கிறது. பின்னாளில் மனித மூட்டுகளின் திரவத்துக்கும் இதே முறையைச் செய்து பார்த்தார்கள்! ஆனால் இதற்குக் காசும் நேரமும் அதிகம், பழகிய கண் வேண்டும். கார்க்காரர்களுக்கு வரும் சாதாரண ரிப்போர்ட்டில் இது கிடையாது.

புதுக் கார்க்காரருக்கு இது ஏன் முக்கியம் என்றால், புது எஞ்சின் சாகும் விதமே வேறு. தேய்ந்து சாக அதற்கு வயசாகலை. 2015 செப்டம்பரில் ஹூண்டாய் அமெரிக்காவில் சுமார் 4,70,000 சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தது. 2011, 2012 மாடல்கள். கிராங்க்ஷாஃப்டைக் கடைந்தபோது தங்கிவிட்ட உலோகத் துணுக்கு, கனெக்டிங் ராட் பேரிங்குக்குப் போகும் ஆயிலை அடைக்கலாம். ஓடும்போதே எஞ்சின் நின்றுவிடலாம். 2024ல் டொயோட்டா அதே மாதிரி கடைசல் துணுக்குப் பிரச்சினைக்காக டண்ட்ராவும் லெக்ஸஸ் எல்.எக்ஸுமாகச் சேர்த்து ஒரு லட்சத்துச் சொச்சம் வண்டிகளை அழைத்தது. 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 6.2 லிட்டர் வி8 எஞ்சினுக்காக அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட 6 லட்சம் வண்டிகள். அதில் சோதனையில் தேறிய எஞ்சின்களுக்குக் கொடுத்த வைத்தியம், முன்பைவிடக் கெட்டியான ஆயில். நெடுஞ்சாலையில் எஞ்சின் நிற்பது எப்படிப்பட்ட விஷயம் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். இரும்பு 12, ஈயம் 0, 'எல்லாம் நலம்' என்று வந்த ஒரு காகிதத்தை நம்பி அப்படி ஒரு வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகலாமா? நான் மாட்டேன். துணுக்கு அந்தக் கருவிக்குத் தெரியாத அளவு பெரிசு, பேரிங் போனால் ஒரு ரிப்போர்ட்டுக்கும் அடுத்த ரிப்போர்ட்டுக்கும் நடுவிலேயே போய்விடலாம்.

அப்போ இந்தப் பரிசோதனையே வீணா? அப்படியும் இல்லை. பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்றைய சின்ன டர்போ எஞ்சின்களுக்கு, உலோகத்தைவிட ஆயிலில் கலக்கும் பெட்ரோல்தான் பெரிய தலைவலி. குளிர் ஊரில் பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓட்டும் வண்டியில் ஆயில் அளவு குறையாமல் ஏறும்! இதில் ரிப்போர்ட் அருமையாக உதவும். 30 கிரேடு ஆயில் என்றால் 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுத்தன்மை 9.3க்குக் குறையக் கூடாது. 7.5 என்று வந்தால், ஊற்றியது 30, உள்ளே ஓடுவது 20. முதல் மாதிரியிலேயே அர்த்தம் சொல்லும் எண் இது ஒன்றுதான் என்பேன். ஆனால் நம்ம ஆட்கள் இதைக் கடைசியில்தான் பார்ப்பார்கள்.

நண்பனை டீலரிடம் போகவிடாமல் ஒருவழியாகப் பிடித்து உட்கார வைத்தேன். எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தால், பிரிக்காத எஞ்சினுக்கு வராத கோளாறெல்லாம் வரும் என்பது வேறு விஷயம். அடுத்த ஆயிலில் சிலிக்கான் 50, அதற்கடுத்ததில் 20. இரும்பும் கூடவே இறங்கியது. அலுமினியம் ஆரம்பத்திலிருந்தே சும்மா இருந்தது. பசைதான். நான்காவது ரிப்போர்ட்டுக்கு அவன் காசு கட்டவில்லை. அந்தக் காசில் ஆயில் ஃபில்டரை வட்டமாக அறுக்கிற கட்டர் ஒன்று வாங்கினான். இப்போதெல்லாம் ஆயில் மாற்றுகிற சனிக்கிழமைகளில் பழைய ஃபில்டரைப் பிளந்து, உள்ளே இருக்கும் காகிதத்தை விசிறி மாதிரி விரித்து, வெயிலில் காய வைத்துவிட்டு, காந்தமும் டார்ச்சும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான்.